திறக்கவில்லை என்று நான் எழுதிய பதினொரு கோப்புகள்

செய்தி வந்தபோது நான் தாம்பரம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் ஏழுமலை. எங்கள் கல்லூரி நூலகத்தில் இருபது வருஷமாக உதவியாளராக இருப்பவர். காலை ஏழரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தால் சாவி கிடைக்கவில்லை என்றோ மோட்டார் ஓடவில்லை என்றோதான் இருக்கும். அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"சார், எங்க கீறீங்க?"

"ஸ்டேஷன்ல. என்ன ஏழுமலை?"

"நம்ம சிடி மேடம் பூட்டாங்க சார். காலைல காபி போட்டுகினு இருந்தாங்களாம். நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டாங்களாம். இரும்புலியூர் வூட்லதான் வெச்சிருக்காங்க."

வண்டி வந்தது. நான் ஏறவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனிமேல் அவரை எங்கேயும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அஞ்சலிக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். ஆனால் எழுதக் கூடாதது இதில் இன்னும் நிறைய வரப்போகிறது.

சிடி மேடம் என்று நாங்கள் கூப்பிட்டது தேன்மொழி அவர்களை. இந்த இதழைப் படிக்கும் நூலகர்களில் பலருக்கு அவரைத் தெரியும். நம் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு இடைவேளையில் யாருடைய பென் டிரைவையாவது வாங்கி வைத்துக்கொண்டு, அதில் காணாமல் போனதைத் தேடிக்கொண்டிருப்பார். அவரும் நானும் பொத்தேரிப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே படிப்பு, கிட்டத்தட்ட ஒரே வயது. நான் துணை நூலகர், நிரந்தரம். அவர் ஒப்பந்தப் பணியாளர். அந்த ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். அவரை நிரந்தரமாக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

இரும்புலியூரில் அவர் வீட்டு வாசலில் கல்லூரியின் மாலை எங்களுக்கு முன்பே வந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் அவர் படத்துக்குக் கீழே 'டிஜிட்டல் நூலகத்தின் முன்னோடி' என்று போட்டிருந்தார்கள். ஏழுமலை அதைப் பார்த்துக்கொண்டே என் காதருகில் சொன்னார்: "உசுரோட கீறசொல்ல முதுகு சாயுற மாரி ஒரு சேர் குடுக்கல. இப்ப பாரு சார், இம்மாம் பெரிய போர்டு." நான் தலையை ஆட்டினேன். அந்த ஃபிளெக்ஸுக்கு வாசகம் கேட்டு ஆபீசிலிருந்து அழைத்தபோது அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான் என்று ஏழுமலைக்குத் தெரியாது.

நம் இதழின் ஆசிரியர் மறுநாள் பேசினார். "கூட வேலை பார்த்தவர் நீங்கதான் சார். ரெண்டு பக்கம் போதும். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க." நல்ல வார்த்தைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சேர்த்து எழுதலாமா என்பதை அவர் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

முடிச்சூரில் வீதிகளில் படகு விட்ட அந்த டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாடப் புத்தகங்களின் பின் அட்டையில் ஒட்டி வரும் சிடிகள், மாணவர்கள் இறுதியாண்டில் ஒப்படைத்த திட்டப்பணிச் சிடிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் எல்லோரும் புத்தகங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றோம். தேன்மொழி மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிடி அலமாரியிடம் போனார். "புக்கு நனைஞ்சா போச்சு சார். சிடி நனைஞ்சா கழுவிக்கலாம்" என்றார். அவரும் ஏழுமலையும் நான்கு நாள் ஹாஸ்டல் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்று ஏழுமலைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறகு போர்வை விரித்து நிழலில் பரப்பினார்கள். அந்தப் பக்கம் வந்த கல்லூரிச் செயலாளர், "என்னம்மா, அப்பளம் காயப்போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிடி மேடம் என்ற பெயர் அன்றுதான் வந்தது.

அதற்கு அப்புறம்தான் அந்த வேலையை ஆரம்பித்தார். ஒரு சிடியில் இருப்பதை ஓரம் விடாமல் அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைப்பதை நாங்கள் இமேஜ் என்போம். சிடி உடைந்தாலும் அந்தக் கோப்பு இருந்தால் சிடி இருப்பது போலத்தான். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் சிடி போடும் இடமே இல்லாமல் வர ஆரம்பித்திருந்ததால் அது இன்னும் அவசியமாகிவிட்டது. கல்லூரி கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை ஏழுமலையை விட்டுத் தூக்கி வரச் சொல்லி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டார். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் கூடுவார்கள். அங்கே போய் உட்கார்ந்து, வெட்கப்படாமல் கேள்வி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். மூன்று வருஷத்தில் எங்கள் சிடிகள் எல்லாம் இமேஜ்களாக அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் எழுத்துகளை அவர் வால் என்பார். "வாலை நம்பாதீங்க, ஃபைலைக் கேளுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. லினக்ஸில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்க்காமல் கோப்பின் உள்ளே எட்டிப் பார்த்து, இது இன்னது என்று சொல்லிவிடும். ஒருமுறை ஒரு துறைத்தலைவர் பென் டிரைவோடு வந்து சத்தம் போட்டார். தன் மாணவன் கொடுத்த சிடி இமேஜ் திறக்கவில்லையாம், நூலகம் கெடுத்துவிட்டதாம். தேன்மொழி அந்தக் கட்டளையைத் தட்டினார். திரையில் வந்ததைப் படித்துவிட்டு, "இது இமேஜே இல்லை சார். வேர்டு ஃபைலுக்கு வாலை மாத்தி வெச்சிருக்கான். ப்ராஜெக்ட் முடிக்கல போல. ஒரு வாரம் டைம் வாங்கிட்டான்" என்றார். துறைத்தலைவர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வந்து ஒரு மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை கல்யாணம் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஸ்டுடியோக்காரர் அந்தக் காலத்து வழக்கப்படி வீடியோவை இரண்டு சிடியில் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருஷம் என் அம்மா போய்விட்டார். அம்மா நடமாடுவதும் பேசுவதும் இருந்தது அந்த இரண்டாவது சிடியில் மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பூஞ்சை பூத்திருந்தது. எந்தப் பெட்டியிலும் ஓடவில்லை. தாம்பரத்தில் கேட்ட கடைகளிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். தேன்மொழியிடம் கொடுத்தேன். ஒன்பது நாள் அந்தக் கம்ப்யூட்டர் அந்தச் சிடியைப் படித்துக்கொண்டே இருந்தது. படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டுப் போய், பின்னாலிருந்து திரும்பி வந்து, மறுபடி முன்னாலிருந்து போய். பத்தாவது நாள் ஒரு கோப்பைக் கொடுத்தார்.

என் மேஜைக் கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். சிடி இமேஜ் பழுதடைந்துள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவரிடம் போய், "மேடம், கெட்டுப்போச்சு போலிருக்கு" என்றேன்.

"கெட்டுப்போகல சார். உங்க கம்ப்யூட்டருக்கு அது என்னன்னு தெரியல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல மாட்டான். கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவான்" என்றார்.

தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே எதையோ தட்டினார். கல்யாண வீடியோ சிடி மற்றச் சிடி மாதிரி இல்லை, சிடியைப் பெட்டியில் போடுவது போல அதை உள்ளே ஏற்றிப் பார்க்க முடியாது, அதற்கு வேறு வழி என்று சொல்லிக்கொண்டே ஒரு வரி எழுதினார். திரையில் என் அம்மா வந்தார். விளக்கைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்து, "அந்தப் பக்கம் திருப்புப்பா, பொண்ணுக்கு வேர்க்குது பாரு" என்றார். நான் நூலகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன். தேன்மொழி ஏழுமலையை அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

ஆகவே, திறக்காதது எல்லாம் பழுது இல்லை என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் செயலாளரின் மைத்துனர் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். கல்லூரிகளுக்கு டிஜிட்டல் நூலகம் அமைத்துக் கொடுப்பார்களாம். எங்கள் கல்லூரிதான் முதல் போணி. ஆனால் ஏற்கெனவே ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக எதற்கு என்று ஆட்சிக்குழுவில் யாரோ கேட்டுவிட்டார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்த வருஷம் எங்கள் நூலகர் ஓய்வு பெறப்போகிறார்.

"ஸ்டாக் வெரிஃபிகேஷன் வருதுல்ல சார். இப்ப இருக்குறது ஒழுங்கா ஓடலைன்னு அதுல ரெண்டு வரி வந்தா போதும். யார் மேலயும் பழி போட வேண்டாம். நீங்க சீனியர். அடுத்த லைப்ரேரியன் யாருன்னும் நாம பார்க்கணும் இல்ல?"

நான், "பார்க்கலாம் சார்" என்றேன். இந்த நாட்டில் எத்தனையோ அயோக்கியத்தனம் இந்த இரண்டு வார்த்தையில்தான் தொடங்குகிறது.

இருப்புச் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று நூலகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்று சில எண்களைப் பொறுக்கி எடுத்து, அவை இருக்கின்றனவா என்று பார்ப்போம். இமேஜ்களில் இருபது எண்கள். பொறுக்கியவன் நான். பெரும்பாலான இமேஜ்கள் ஐஎஸ்ஓ வால் உள்ளவை, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறந்துவிடும் என்று தெரியும். அதனால் வேறு வால் உள்ளவற்றைப் பட்டியலில் தேடித் தேடி எடுத்தேன். பதினொன்று தேறியது. சந்தேகம் வராமல் இருக்க ஒன்பது நல்லவற்றைச் சேர்த்தேன். குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்கள் நான் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வந்தவர்கள்.

எண்களின் பட்டியல் முறைப்படி முந்தின நாளே தேன்மொழிக்குப் போனது. மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்து, நான்காக மடிக்காத சுத்தமான ஒரு தாளைக் கொடுத்தார்.

"சார், இதுல பதினொண்ணு உங்க மெஷின்ல டபுள் கிளிக் பண்ணா வராது. ஒவ்வொண்ணுக்கும் என்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். இல்லைன்னா மூணு பேரும் என் மெஷினுக்கு வந்துடுங்க. பத்து நிமிஷம்."

"பார்க்கலாம் மேடம்" என்றேன். தாளைப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருபது கோப்பையும் இரண்டு தட்டுத் தட்டினோம். பதினொரு முறை அந்தச் சின்னப் பெட்டியோ, எதைக் கொண்டு திறப்பது என்ற கேள்வியோ வந்தது. அறிக்கையில் எழுதினேன்: இருபதில் பதினொன்று திறக்கவில்லை. பழுதடைந்துள்ளன.

செயலாளர் யார் மேலும் பழி வேண்டாம் என்றாரே, அடுத்த வாரமே தேன்மொழிக்கு மெமோ போனது. கல்லூரி உடைமையைச் சரியாகப் பராமரிக்கத் தவறியதாக விளக்கம் கேட்டார்கள். செயலாளர் அறையில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் நின்றுகொண்டு பேசினார்.

"எல்லா ஃபைலும் திறக்கும் சார். என் மெஷினை இங்க கொண்டு வர விடுங்க, காட்டுறேன்."

"கமிட்டி பார்த்துத்தானே எழுதியிருக்கு?" என்றார் செயலாளர்.

"இவரையே கேளுங்க சார்" என்று என்னைக் காட்டினார். "இவரு வீட்டு வீடியோ இப்படித்தான் கெட்டுப்போச்சுன்னு வந்துச்சு. என் மெஷின்லதான் திறந்தோம். இவருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இதுதான்:

"அது வேற, இது வேற சார்."

தேன்மொழி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. எதையோ கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி தலையை லேசாக ஆட்டிவிட்டு, "சரி சார்" என்று செயலாளரைப் பார்த்துச் சொன்னார்.

அவரை ஹாஸ்டல் ஆபீசுக்கு மாற்றினார்கள். மாணவிகள் ஊருக்குப் போகும்போது லீவு நோட்டில் கையெழுத்து வாங்கும் வேலை. அவருடைய லினக்ஸ் பெட்டியும் பழைய சிடிகளும் கழித்த சாமான்களோடு சேர்ந்து லாரியில் போயின. ஏழுமலைதான் தூக்கி வைத்தார். "இன்னா சார் இது, மேடத்த ஒரு வார்த்த கேக்க வாணாமா?" என்றார். ஆபீஸ் உத்தரவு என்றேன். கல்வியாண்டு முடிந்ததும் தேன்மொழியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் சேலையூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஜூன் மாதம் நான் நூலகர் ஆனேன். எனக்கு முதுகு சாயும் நாற்காலி வந்தது.

மைத்துனரின் நிறுவனம் இரண்டு வருஷத்தில் கடையைக் கட்டியது. டிஜிட்டல் நூலகத்தின் முகப்புப் பக்கம் கொஞ்ச நாள் வெள்ளையாக வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. அதைத் திறக்கவில்லை, பழுது என்று எழுத இதுவரை எந்தக் குழுவும் கூடவில்லை. பழைய மாணவர்கள் யாராவது தங்கள் திட்டப்பணியைத் தேடிக்கொண்டு வந்தால், வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன். கழுவிக் காயவைத்து எடுத்ததை மறுபடி வெள்ளத்திலேயே விட்டேன்.

அதன்பின் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில், நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்துவிட்டார். நழுவ இடமில்லை. அவர்தான் பேசினார்.

"அம்மா வீடியோ ஓடுதா சார்?"

"ஓடுது மேடம்."

"ரெண்டு இடத்துல வையுங்க. ஒரே இடத்துல இருக்குறது இல்லாத மாதிரிதான்."

அவ்வளவுதான். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பேன். அன்றைக்கே அந்த வீடியோவை இன்னொரு டிரைவில் போட்டேன். அவர் சொன்ன எதையாவது நான் உடனே கேட்டது அந்த ஒருமுறைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர் மாணிக்கம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டு முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மிக்சர் டப்பாவை எடுத்தார். அதற்குள் பழைய துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று.

"இது காலேஜ் பொருள், காலேஜ் பொருள்னு சொல்லிகினே இருந்தா சார். என்னைத் தொட விட மாட்டா. உங்க கைல குடுத்துட்டா எனக்கு ஒரு பாரம் எறங்கும்."

மேலே அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: நூலகம். நூலகரிடம் ஒப்படைக்க. என் பெயர் இல்லை. பதவி மட்டும்தான். அதை நான் எப்படி வாங்கினேன் என்று தெரிந்தவர், அந்தப் பதவிக்கே அதை எழுதி வைத்திருந்தார். இரண்டு இடத்தில் வைக்கிற ஆள் ஒரே இடத்தில் வைத்திருப்பாரா என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

மாணிக்கம் விடவில்லை. "ஒண்ணு கேக்கணும் சார். அவ வேலைல ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா? எல்லாம் கெட்டுப்போச்சுன்னு எழுதி வெச்சிட்டாங்களாமே. யார் எழுதுனதுன்னு கேட்டா சொல்லவே மாட்டேன்ட்டா. வுடுய்யா, அத்த கேட்டு இன்னா பண்ணப்போற அப்டிம்பா. உங்களுக்குத் தெரியுமா சார்?"

நான் காபியைக் குடித்தேன். "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். ஐம்பத்தாறு வயதில், ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதரிடமும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். இரண்டு முறை தப்பாகப் போட்டு மூன்றாவது முறை சரியாக வந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். மூன்று வருஷ உழைப்பு மொத்தமும் எண் வரிசைப்படி அதில் இருந்தது. இழுப்பறையில் போட்ட அந்தத் தாளை நான் தூக்கி எறியவில்லை. வேறு அறைக்கு, வேறு மேஜைக்கு மாறும்போதெல்லாம் அது என்னோடு வந்தது. ஏன் என்று கேட்டால், மனசாட்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். யார் கையிலாவது கிடைத்துவிடக் கூடாது என்ற பயம்தான். அதை எடுத்து முதல் தடவையாகப் படித்தேன்.

முதல் கோப்புக்கு நேரே எழுதியிருந்தார்: 'வால் தப்பு. சுருக்கி வைத்த இமேஜ். விரித்துவிட்டு ஏற்றவும்.' விரித்தேன். இரும்புலியூர் ஏரியைச் சிவில் மாணவர்கள் நான்கு பேர் அளந்து போட்ட வரைபடங்கள் வந்தன. நான்காவது, பழைய சிடி எரிக்கும் மென்பொருள் ஒன்றில் செய்தது. 'முன்னால் முந்நூறு கேபி அதன் சொந்தக் குப்பை. அதைத் தாண்டி ஏற்றினால் சாதாரணச் சிடிதான்' என்று எழுதி, தாண்ட வேண்டிய எண்ணையும் கொடுத்திருந்தார். தாண்டினேன். திறந்தது. ஏழாவதில் ஒரு மாணவி எழுதிய நிரல், தமிழ் வாசகத்தை வாய்விட்டுப் படிப்பது. வணக்கம் என்று கரகரத்தது. பதினொன்றாவது வேறு வகைக் கம்ப்யூட்டருக்கான பாடச் சிடி. அதை முதலில் மாற்ற வேண்டும், அப்புறம் ஏற்ற வேண்டும். இரண்டு வரி. அதுவும் திறந்தது. அவர் பத்து நிமிஷம் கேட்டார். கை பழகாத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

எனவே அந்த வருஷத்து இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையை இங்கே திருத்தி எழுதுகிறேன். இருபது கோப்புகள் பார்க்கப்பட்டன. இருபதும் திறக்கின்றன. பழுது எதுவும் இல்லை. அன்றும் இருந்ததில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்காதவை என்று தெரிந்தே பதினொன்றைத் தேர்ந்தெடுத்து, திறக்கும் வழி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பழுது என்று எழுதியவன் நான். இதழ் கல்லூரிக்கும் போகும். அங்கிருந்து எனக்கு மெமோ வந்தால் விளக்கமாக இந்தக் கட்டுரையையே இணைத்துக் கொடுப்பேன். ஆசிரியர் இதை வெட்டாமல் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டினால் நானே அச்சடித்துக் கொடுப்பேன்.

தேன்மொழியிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, என் அம்மாவின் குரல். இன்னொன்று அந்தத் தாள். ஹார்ட் டிஸ்க் நூலகத்துடையது, இன்னொரு பிரதி எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். இமேஜை ஏற்றினால் வேலை முடிந்ததும் இறக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருப்பார். "ஏத்துனதை இறக்கிட்டு எந்திரிங்க சார்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். தாளின் கடைசி வரியும் அதுதான்: 'பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிடவும். பொறுமையாகப் பார்த்ததற்கு நன்றி சார்.' நான் பார்ப்பேன் என்று நினைத்து, முன்கூட்டியே நன்றி எழுதியிருக்கிறார். ஏற்றியவை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் அன்று எழுந்தேன்.

மாணிக்கம் ஐயா, இதழ் வந்ததும் ஒரு பிரதியை நானே இரும்புலியூருக்குக் கொண்டு வந்து உங்கள் கையில் கொடுப்பேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேனே, விசாரித்துவிட்டேன். உங்கள் மனைவி ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படி எழுதியது உங்கள் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் கொடுத்த காபியைக் குடித்தவன்.